கிழக்கு பார்த்து நின்ற பிக்கப்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் பல வருஷம் யோசித்துவிட்டேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவன் நான், எழுதிப் பழக்கமில்லை. அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இதில் ஒரு குடும்பத்தின் சாமி நம்பிக்கை வருகிறது. நானும் சாமி கும்பிடுகிறவன்தான். குளித்துத் திருநீறு பூசாமல் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டேன். இன்னொருத்தர் வாசலில் நடந்ததை நான் எழுதப்போய், அதைப் படித்து யாராவது சிரித்தால் அந்தப் பாவம் என் தலையில்தான் விடியும் என்று பயந்தேன்.

போன பொங்கல் சாட்டுத் திருவிழாவின்போது எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரர் எனக்கே அந்தக் கதையைச் சொன்னார். எங்கள் பட்டறை மேஸ்திரி கற்பூரம் காட்டினாராம், எடுக்காத வண்டி ஒரே செல்ஃபில் எடுத்துவிட்டதாம். நான் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். அப்புறம் கொஞ்ச நாள் கழித்து எங்கள் மெக்கானிக் சங்கத்து வாட்ஸப்பில் அதே கதை வேறு வேஷத்தில் வந்தது. சாமிக்காகக் கிழக்கு பார்த்து நிறுத்தியதால் கெட்டுப்போன வண்டியை ஒரு மெக்கானிக் திருப்பி நிறுத்திச் சரிபண்ணினார் என்று. கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

இரண்டு கதையிலும் டிரைவர் சேவியர் இல்லை. அன்றைக்கு நடந்ததெல்லாம் அவரை வைத்துத்தான் நடந்தது. அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். சங்கத்துத் தம்பிகளும் பழைய டீசல் பிக்கப் காலையில் எடுக்காவிட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது வருகிற வண்டிக்கெல்லாம் ஸ்கேனரைச் சொருகினால் அதுவே சொல்லிவிடும். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஸ்கேனர் சொருக இடமில்லாத வண்டிகள் இன்னும் நம் ரோட்டில் துணி ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. அதற்காகவும்தான்.

நான் தொழில் பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்பேனர் துடைத்தேன், திட்டு வாங்கினேன், கைக்கு வேலை வந்தது. பல்லடம் ரோட்டில் ஒரு டீசல் பட்டறையில்தான் என் காலம் முழுக்கப் போயிற்று. அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் சென்னியப்பன். எல்லாருக்கும் மேஸ்திரி.

மேஸ்திரி சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எஞ்சின் ஓடும்போது அவர் பேசினால் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற பட்டறைகளில் வண்டிக்காரர் பேச்சை முதலில் கேட்பார்கள், காசு கொடுப்பது அவர் என்று. எங்கள் மேஸ்திரி ஓட்டுகிறவனைத்தான் முதலில் கேட்பார். ஓனரைப் பெஞ்சில் உட்காரவைத்து டீ சொல்லிவிடுவார். இதனால் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. திரும்பி வந்தவர்கள் அதைவிட அதிகம். இன்னொன்று, காரணம் தெரிவதற்கு முன்னால் "டிரைவர் தப்பு" என்ற பேச்சு பட்டறைக்குள் வரக் கூடாது. யாராவது சொன்னால் சாவியை அவர் கையிலேயே கொடுத்து, "அப்ப வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க, கொண்டுட்டுப் போங்க" என்பார்.

காலை ஸ்டார்ட்டிங் கம்ப்ளைண்ட் என்று வண்டி வந்தால் அவருக்கு ஒரு முறை உண்டு. வந்த அன்றைக்கு அதில் கை வைக்க மாட்டார். சூடான எஞ்சினில் காலையில் வருகிற நோவு தெரியாது. சாயங்காலம் நிறுத்தி, சாவியைக் கழற்றிப் பிள்ளையார் படத்துக்குக் கீழே இருக்கிற ஆணியில் மாட்டிவிடுவார். மாட்டிய பிறகு அதைத் தொடக் கூடாது. காலையில் வந்து கையைக் கழுவிவிட்டு, பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு அவர் பின்னால் போய் சைலன்சர் பக்கம் நின்றுகொள்வார். முதல் தடவை அடிப்பதுதான் கணக்கு. இரண்டாவது அடிக்கும்போது எஞ்சின் ஏற்கெனவே கொஞ்சம் மாறிப்போயிருக்கும்.

அவர் பார்ப்பது இவ்வளவுதான். எஞ்சின் முக்கி முக்கிச் சுத்தினால் பேட்டரி, செல்ஃப் மோட்டார், எர்த் வயர் பக்கம் போவார். நன்றாகச் சுத்தி வெள்ளைப் புகையாகத் தள்ளினால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் சூடு போதவில்லை என்று ஹீட்டர் பிளக்கைப் பார்ப்பார், அதுவும் சரியாக இருந்தால் கம்ப்ரஷனை. நன்றாகச் சுத்தியும் புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. அப்போது டேங்கிலிருந்து பம்பு வரைக்கும் வழியைத் தேட வேண்டும். இதை மாற்றி மாற்றித் தேடித்தான் நாம் ஆளாளுக்கு நல்ல பேட்டரியைக் கழற்றிப் போட்டுப் புதுசு வைக்கச் சொல்கிறோம்.

மூலனூரிலிருந்து முருங்கைக்காய் ஏற்றுகிற ஒருவர் தினமும் விடியலில் எஞ்சின் மேல் ஒரு குடம் வெந்நீர் ஊற்றித்தான் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். "எங்கூட்டுல எனக்குக் குளிக்கத் தண்ணி இல்லீங்க, இதுக்குத்தான் அடுப்பு எரியுது" என்று சொன்னார். வெள்ளைப் புகை. ஹீட்டர் பிளக் ஒன்றுகூட வேலை செய்யவில்லை, அதற்குக் கரண்ட் கொடுக்கிற ரிலேயில் பச்சைப் பாசி பிடித்திருந்தது. மாற்றிக் கொடுத்த பிறகும் அவர் சில நாள் வெந்நீரை நிறுத்தவில்லை. கேட்டதற்கு, பழகிப்போச்சுங்க என்றார்.

இனி அந்த வண்டிக்கு வருகிறேன்.

ரத்தினசாமி என்று ஒருவர் நிட்டிங் மிஷின் போட்டிருந்தார். முதலில் நல்லூரில் வாடகைக் கட்டடம். பிறகு சாமளாபுரம் போகிற வழியில் சொந்தமாக இடம் வாங்கி, வீடும் ஷெட்டும் ஒரே காம்பவுண்டில் கட்டிக்கொண்டார். அவரிடம் ஒரு பழைய டீசல் பிக்கப். காலையில் துணி ரோல் ஏற்றிக்கொண்டு சாயப்பட்டறைக்கு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். பிந்தினால் வரிசையில் பின்னால் போய்விடும், அன்றைக்குச் சாயத்துக்கு ஏறாது. பிறகு கட்டிங், தையல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போகும்.

புது காம்பவுண்டுக்கு வந்த சமயத்தில்தான் சேவியர் டிரைவராகச் சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நல்லூரில் மனைவியோடு வாடகை வீட்டில் இருந்தார். அவர் சேர்ந்த மாதத்திலிருந்தே வண்டி காலையில் எடுக்கவில்லை. ரத்தினசாமி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். ஆளையும் கூட்டிக்கொண்டுதான் பட்டறைக்கு வந்தார்.

"ஏனுங் மேஸ்திரி, வண்டி மேல குத்தமா, ஆளு மேல குத்தமான்னு எனக்குத் தெரிஞ்சாகோணுங்க."

"காலையில மொத செல்ஃப் யாருங்க அடிக்கறது?" என்றார் மேஸ்திரி.

"நானுங்களா அடிப்பேன்? இவந்தான்."

"அப்ப அவரு சொல்லட்டுங்க. நீங்க உக்காந்து டீ குடிங்க."

சேவியர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார். "செல்ஃப் நல்லாத்தான் சுத்துது அண்ணாச்சி. பொகையே வராது. கைப்பம்ப அடிச்சிக்கிட்டே ஃபில்டர் மேல உள்ள நட்ட லேசா இளக்குனா நுரைநுரையா வரும். நுரை நின்ன பொறவு எடுத்துரும். அதுக்குள்ள மொதலாளி வந்து நின்னு வையுதாவ."

"நட்ட இளக்கறப்ப டீசல் கீழ போகுமே?"

"போவும். துணி வச்சுப் புடிப்பேன். ஆனாலும் சட்டையில படத்தான செய்யும்."

பெஞ்சிலிருந்து ரத்தினசாமி எழுந்துவிட்டார். "அதேதானுங்க. தினம் டீசல் வாசத்தோட நிக்கறான். வாசலெல்லாம் கறை. கேட்டா காத்துங்கறான். காத்து எங்கடா வருதுன்னா ஆகாசத்தப் பாக்கறான்."

மேஸ்திரி வழக்கம்போலச் சாவியை ஆணியில் மாட்டினார். காலையில் முதல் செல்ஃபிலேயே வண்டி எடுத்தது. மறுநாள் வைத்துப் பார்த்தோம். எடுத்தது. கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம், எல்லாம் இறுக்கம். எங்கேயும் ஈரமில்லை. மேஸ்திரி எதையும் மாற்றவில்லை. "நோவத் தெரியாம மருந்து வேண்டாங்க" என்று வண்டியை அப்படியே கொடுத்தார். அது ரத்தினசாமி வாசலுக்குப் போன மறுநாளே படுத்துக்கொண்டது.

ரத்தினசாமி திரும்ப வந்தபோது முகம் கறுத்திருந்தது. "சனிக்கெழம கடைசி லோடு நல்லூர்ல முடிஞ்சா வண்டி இவன் தெருவுலதானுங்க நிக்கும். ஞாயித்துக்கெழம காலையில ஒடனே எடுக்குது. உங்க பட்டறையிலயும் எடுக்குது. என் வாசல்ல மட்டும் எடுக்க மாட்டீங்குது. இதுக்கு மேல என்னத்தச் சொல்றது? டீசல் புடிச்சு விக்கறதுக்குக் காத்துன்னு ஒரு கதை. இந்தச் சனிக்கெழம சம்பளத்தக் குடுத்து அனுப்பிப்போடறேன்."

அவர் சொன்னதில் சேவியருக்கு வேலை போவது சின்ன விஷயம். திருப்பூரில் டிரைவர் வேலைக்குப் பஞ்சமில்லை. டீசல் திருடினான் என்று பெயர் வாங்கிக்கொண்டு போனால்தான் கஷ்டம். சாயப்பட்டறை வரிசையில் நிற்கும் டிரைவர்களும் மேனேஜர்களும் காலையில் பேசியது மதியத்துக்குள் எல்லாக் கம்பெனிக்கும் போய்விடும். அப்புறம் ஒருத்தரும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உங்க வாசல்ல மட்டும்னு சொன்னீங்கல்லங்க, அங்கயே வந்து பாக்கறேன். சனிக்கெழமைக்கு முன்னாலயே வந்தர்றேன். அது வரைக்கும் அந்தப் பேச்ச வெளிய விட்டராதீங்க."

"ஒருத்தர்கிட்டச் சொல்லிப்போட்டேனுங்களே," என்றார் ரத்தினசாமி. "சாயப்பட்டறை மேனேஜர்கிட்ட."



மார்கழி மாதம். அந்த வாரமே ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் மேஸ்திரியும் நானும் அங்கே போனோம். வண்டி லோடு முடித்து வந்து அதன் இடத்தில் நின்றது. மேஸ்திரி டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வருகிற ஓஸ் பைப் ஃபில்டரில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், கொத்தனார் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற டியூப்பில் ஒரு துண்டு வெட்டி நடுவில் பொருத்தினார். எஞ்சினை ஓடவிட்டு ரத்தினசாமியைக் கூப்பிட்டுக் காட்டினார். டியூப் நிறைய டீசல், ஒரு குமிழிகூட இல்லை. பிறகு நிறுத்திச் சாவியை அவரிடமே கொடுத்தார். "இத உங்க சாமி ரூம்புல வெச்சுக்குங்க. காலையில நீங்களே செல்ஃப் அடிக்கோணும். சேவியரு அது வரைக்கும் கிட்ட வர வேண்டாம்." சேவியருக்கு அது பிடிக்கவில்லை. கேட் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

விடிகிற நேரத்தில் திரும்பப் போனோம். ரத்தினசாமியின் சம்சாரம் சரஸ்வதி வாசல் தெளித்து, வண்டிக்குக் குங்குமம் வைத்து, கற்பூரத்தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு. வண்டி கிழக்கு பார்த்துத்தான் நிற்கணும். காலையில் சக்கரம் முதலில் முன்னால்தான் உருளணும், ரிவர்ஸில் எடுத்து நாளைத் தொடங்கக் கூடாது. புது இடத்தில் குடிவந்த நாளில் அந்த அம்மா வேண்டிக்கொண்டது. மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்பூரம் அணைகிற வரைக்கும் கைகூப்பி நின்றார். நானும் நின்றேன்.

ரத்தினசாமி ஏறி செல்ஃப் அடித்தார். எஞ்சின் நன்றாகச் சுத்தியது. சைலன்சரில் ஒரு பொட்டுப் புகை இல்லை.

மேஸ்திரி போதும் என்று கையைக் காட்டி பானெட்டைத் திறந்தார். கண்ணாடி டியூப் காலியாக இருந்தது. சாயங்காலம் நிறைய டீசல் இருந்த டியூப். சாவி பூஜை அறையில் இருந்தது, சேவியர் கேட்டுக்கு வெளியே இப்போதுதான் வந்து நின்றார். ரத்தினசாமி டியூப்பை விரலால் சுண்டிப் பார்த்தார்.

அப்போதும் எனக்கு ஏன் இந்த வாசலில் மட்டும் என்று தெரியவில்லை. கீழே குனிந்தபோதுதான் பார்த்தேன். அந்த அம்மா முன்சக்கரத்துக்கு முன்னால் தெளித்த தண்ணீர் வண்டிக்கு அடியில் ஓடிப் பின்சக்கரத்தைத் தாண்டிக் கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஷெட்டில் ரோல் ஏற்றுகிற மேடை கிழக்கே இருந்தது. அந்த மேடைக்காக மண் கொட்டி வாசலையே அந்தப் பக்கம் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். வண்டி ராத்திரி முழுக்க மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் தண்ணீரைக் காட்டினேன். மேஸ்திரி அது ஓடி முடிகிற வரைக்கும் பார்த்தார்.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். "வழியில எங்கயோ ஒரு பொடி ஓட்டை இருக்குதுங்க. டீசல் வெளிய ஒழுகாது, ஏன்னா அந்த வழி உறிஞ்சற வழி. காத்துத்தான் உள்ள போகும். சமமா நிக்கறப்ப இழுப்புக் கம்மி, ஓட்டை வாயத் தெறக்காது. மூக்கு மேல நின்னா டீசலெல்லாம் பின்னால டேங்குக்கு எறங்கப் பாக்கும். அந்த இழுப்புல காத்து பூந்துக்கும். நல்லூரு தெரு சமம். எங்க பட்டறையும் சமம்."

அந்த அம்மா கற்பூரத்தட்டைக் கீழே வைக்காமலே கேட்டார். "அப்பக் கெழக்கு பாத்து நிறுத்துனதுதான் கேடுன்னு சொல்றீங்களா?"

ரத்தினசாமி மேஸ்திரியையும் பார்க்கவில்லை, சம்சாரத்தையும் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். எங்களுக்கும் அதுதான் சுலபம்.

"இல்லீங்க அம்மிணி," என்றார் மேஸ்திரி. "திருப்பவே வேண்டாங்க. மலைக்குப் போற வண்டியெல்லாம் மூக்கத் தூக்கிட்டுத்தான் நிக்குது, எடுக்காமயா போகுது? நீங்க வேண்டிக்கிட்டபடியே நிக்கட்டும். பைப்புதான் கெட்டிருக்குது. வண்டி நின்ன எடம் அதக் காட்டிக் குடுத்துச்சு, அவ்வளவுதானுங்க."

ஓட்டையைக் கண்டுபிடிக்க அவர் டேங்க் மூடியைத் திறந்து, வாயில் துணியைச் சுற்றி அடைத்து, நடுவே ஒரு ரப்பர் டியூப்பைச் சொருகினார். அதில் ஊதினால் டீசல் வழி நெடுக முன்னால் ஏறும். காற்று நுழைகிற இடத்தில் ஈரம் கசியும். "நான் ஊதுதேன் அண்ணாச்சி" என்று சேவியர் வந்தார். மேஸ்திரி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு டியூப்பை ரத்தினசாமியிடம் நீட்டினார். "நீங்களே ஊதுங்க. வேற ஆளு ஊதுனா நாளைக்கு ஒரு சந்தேகம் வரும்."

ரத்தினசாமி வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து ஊதினார். முதல் தடவை துணி நழுவி டீசல் தெறித்து வேட்டியிலும் சட்டையிலும் பட்டது. துப்பிவிட்டு மறுபடி ஊதினார். எஞ்சின் பக்கம் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபில்டருக்கு முன்னால் ஓஸ் பைப்பின் முனையில், கிளிப்புக்கு அடியிலிருந்து, நூல் மாதிரி ஒரு ஈரக்கோடு வந்தது. கிளிப்பைக் கழற்றினால் ரப்பர் கல்லாக இறுகி, நீளவாக்கில் மயிரிழை அளவு வெடித்திருந்தது. கிளிப் மேலே இறுக்கமாக உட்கார்ந்திருந்ததால் எங்கள் கண்ணுக்குப் பட்டறையில் தெரியவில்லை.

அந்த அம்மா வீட்டுக்காரர் பக்கம் வந்து மூக்கைச் சுளித்தார். "இப்ப உங்க மேலதான் டீசல் வாசம். நீங்க எங்க கொண்டுபோயி வித்தீங்க?"

ரத்தினசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. சேவியருக்கு வந்துவிட்டது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பைப்பை மாற்றினோம். பழைய வாஷர்களையும் மாற்றினோம். அன்றைக்கு லோடு பிந்தித்தான் போனது. ராத்திரி வண்டி அதே இடத்தில், கிழக்கு பார்த்து, ஏற்றத்திலேயே நின்றது. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி முடித்த பிறகு சேவியரே செல்ஃப் அடித்தார். முதல் தடவையிலேயே எடுத்தது. சனிக்கிழமை ரத்தினசாமி சம்பளத்தைக் கொடுத்து, "திங்கக்கெழம நேரத்துல வந்துரு" என்று மட்டும் சொன்னாராம். இதைச் சேவியர் என்னிடம் சொன்னபோது, "ஒரு வார்த்தை அதப் பத்திப் பேசல பாத்துக்கிடுங்க" என்றார். மனம் ஆறியிருக்கவில்லை.

அடுத்த வாரம் நான் அந்தச் சாயப்பட்டறை வாசலில் வேறொரு வண்டிக்குக் கீழே படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் இவர்கள் பிக்கப் நின்றது. அன்றைக்கு ரத்தினசாமியும் கூடவே வந்திருந்தார். சாதாரணமாக அவர் வருவதில்லை. மேனேஜர் கணக்குப் பார்க்கிற ஜன்னலுக்குப் போனார், ஜன்னலை ஒட்டி நாலைந்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

"ஏனுங், நான் அன்னிக்கு எங்க டிரைவரப் பத்தி ஒண்ணு சொன்னனில்லீங்க? அது நெசமில்ல. பைப்பு வெடிச்சுக் காத்து போயிருக்குது. நானே ஊதிப் பாத்தேன். அந்தப் பேச்ச இங்கயே விட்டுப்போடுங்க. யார்கிட்டயாவது சொல்லியிருந்தீங்கன்னா அவங்ககிட்டயும் சொல்லிப்போடுங்க."

மேனேஜர் சரிங்க என்றார். ஒரு டிரைவர், "எந்தப் பைப்புங்க?" என்று கேட்டார். ரத்தினசாமி அதையும் நின்று விளக்கினார், தப்பும் தவறுமாக. சேவியர் வண்டியின் பின்பக்கம் துணி ரோலுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. இறுக்கின முடிச்சையே அவிழ்த்து மறுபடி இறுக்கினார்.

பிறகு கொஞ்ச காலம் அங்கேயே ஓட்டிவிட்டு, பெரிய லாரி கிடைத்து அவராகவே போனார். புது முதலாளி விசாரித்தபோது ரத்தினசாமிதான் அவருக்காகப் பேசினார் என்று கேள்விப்பட்டேன். மேஸ்திரி இப்போது இல்லை. அவர் இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, அவருக்கு இது பத்தோடு பதினொன்று.

இதைப் படிக்கிறவர்கள் பட்டறையிலோ பந்தியிலோ யாருக்காவது சொல்வதாக இருந்தால், நான் எழுதியிருக்கிற மாதிரியே சொல்லும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கற்பூரம் வண்டியை எடுக்கவைக்கவில்லை. கிழக்கு வண்டியைக் கெடுக்கவும் இல்லை, பைப் மாற்றிய பிறகும் அது கிழக்கு பார்த்துத்தான் நின்றது. இந்த இரண்டும் மறந்துபோனால்கூடப் பரவாயில்லை. சேவியரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் அந்த வண்டியிலிருந்து ஒரு சொட்டு டீசல் எடுக்கவில்லை.